செயின் வேலை

பழைய பள்ளம் ஒன்றை மூட வேண்டுமென்று டிரைவரையும் அவனுடைய கிழட்டுப் புல்டோசரையும் குவாரிக்கு வரவழைத்திருந்தார்கள். வந்ததும் செயின் கழன்றுகொண்டது. குவாரி மெக்கானிக்கோ, தேய்ந்த லிங்க்குகளைப் பூப்பறிப்பது போலத் தட்டிக்கொண்டிருந்தான்.

“என்னண்ணே, இன்னும் முடியலையா?”

“வெல்டிங் வச்சாலும் நிக்கல தம்பி. செயினைக் கோக்குற பின்னையும் காணோம். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுத் தேடியாச்சு.”

மேட்டிலிருந்து மேனேஜர் கத்தினார். “இருட்டுறதுக்குள்ள மூடியாகணும்!”

பொறுமை இழந்த டிரைவர், மெக்கானிக்கின் கருவிப் பெட்டியைக் கிளறினான். கந்தல் துணிக்குள் பத்திரமாக இருந்தது அந்தப் பின்.

“யார் காதுல பூ சுத்துறீங்க?”

மெக்கானிக் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். “அதை மாட்டினா நீ மண்ணைத் தள்ளிடுவ. முந்தாநாள் மண்ணு சரிஞ்சப்ப என் கூடப் பொறந்தவன் அந்தப் பள்ளத்துக்குள்ளதான் இருந்தான். ஆளே இல்லைன்னு சாதிக்கிறாங்க தம்பி.”

டிரைவர் பின்னைத் திரும்பவும் துணியில் சுற்றி வைத்தான். பிறகு மேட்டைப் பார்த்துக் கத்தினான்.

“சார், லிங்க் மொத்தமும் போச்சு! வண்டி இனி நகராது!”

“கிடக்கட்டும் விடு. வேற வண்டி வந்தாச்சு.”

கேட்டுக்குள் நுழைந்த டிரெய்லரின் மேல் புத்தம்புது புல்டோசர் நின்றது. அதன் செயினில் ஒரு கீறல்கூட இல்லை.