இறுக மூடிய டப்பா

இழையினிக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. அவள் தாய் மங்களேஸ்வரியிடம் பேச்சுப் பயிற்சி டீச்சர் சொன்னது இவ்வளவுதான்: "அவளுக்குப் பிடிச்சதை எல்லாம் இறுக்கமா மூடுற, உள்ள இருக்கிறது வெளிய தெரியிற டப்பாவுல போட்டு, கண்ணுல படுற மாதிரி வைங்கம்மா. திறக்க முடியாம உங்ககிட்டதான் கொண்டு வருவா. உடனே திறந்துடாதீங்க. முகத்தையே பார்த்துக்கிட்டு காத்திருங்க. 'தா'ன்னு ஒரு சத்தம் வந்தா போதும்." அன்றே பிஸ்கட்டும் வண்ணப் பென்சிலும் சாவி கொடுத்தால் கைதட்டும் குரங்கும் டப்பாக்களுக்குள் போயின. குழந்தை டப்பாவைத் தூக்கிவந்து, தாயின் கையை இழுத்து மூடிமேல் வைத்தது. அவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு காத்திருந்தாள். குழந்தை அழுதது, தரையில் புரண்டது, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டது. 'தா' மட்டும் வரவில்லை. பிறகு டப்பாவைக் கொண்டுவருவதே நின்றுபோனது. உள்ளே இருப்பதை எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இன்று மாலை மங்களேஸ்வரிக்குத் தாங்கவில்லை. பயிற்சியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று எல்லா மூடிகளையும் பிடுங்கி எறிந்தாள். குரங்குக்கு முழுச் சாவி கொடுத்துக் குழந்தையின் முன்னால் விட்டாள். "எடுத்துக்கோடி தங்கம், எல்லாம் உனக்குத்தான்." கைதட்டிக்கொண்டிருந்த குரங்கைக் குழந்தை நிதானமாக எடுத்து டப்பாவுக்குள் வைத்தது. மூடியைத் தேடி எடுத்துவந்து, இரண்டு கையாலும் அழுத்தி மூடி, மடியில் வைத்துக்கொண்டது.

"அம்மாகிட்ட தா," என்று மங்களேஸ்வரி கையை நீட்டினாள். "தா..."

குழந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது.