விலாங்குக்குப் பிடித்த விஷம்

கடலடிப் பாறை ஒன்றில் ஒரு கடற்பஞ்சும் ஓர் ஆக்டோபஸும் அக்கம்பக்கத்தில் குடியிருந்தன. பஞ்சு ஒரு விஷம் சுரக்கும். அதனால் எந்த மீனும் அதை நெருங்காது. விலாங்குக்குப் பயந்து ஒளிந்தே அலுத்துப்போன ஆக்டோபஸ், அந்த விஷத்தின் மூலக்கூறு ஒன்றைக் கேட்டு வாங்கி எட்டுக் கைகளாலும் தடவிப் பார்த்தது. எந்த அணுவுக்குப் பக்கத்தில் எந்த அணு என்று கண்டுகொண்டு, அதே மாதிரி ஒரு குவியல் செய்து வைத்தது.

விலாங்கு வந்ததும் ஆக்டோபஸ் அதை அள்ளி வீசியது.

"ஆகா, சோம்பு வாசனை! இன்னும் கொஞ்சம் போடு!" என்று வாயைப் பிளந்துகொண்டு பாய்ந்தது விலாங்கு.

"அக்கா! எல்லாத்தையும் வரிசையாத்தானே கோர்த்தேன்!" என்று பஞ்சிடம் அலறியது ஆக்டோபஸ்.

"வரிசை சரிதான் தம்பி! ஓரத்துல நீட்டிக்கிட்டிருக்கிற அந்தச் சின்ன அணுக்கிளை இடப்பக்கம் திரும்பியிருக்கணும். நீ வலப்பக்கம் மாட்டிட்டே!" என்றது பஞ்சு.

ஆக்டோபஸ் கிளைகளைப் பிடுங்கிப் பிடுங்கி மறுபக்கம் மாட்டி வீசியது. விலாங்கு ஒரு தும்மல் போட்டது. அந்த வேகத்தில் பின்பக்கமாகவே போய்ப் பாறையில் முட்டி, இன்னும் பலமாகத் தும்மிக்கொண்டே ஓடி மறைந்தது.

ஆக்டோபஸுக்குத் தலைகால் புரியவில்லை. சுற்றிச் சுற்றி ஆடியது. "நானே கண்டுபிடிச்ச விஷம்!" என்று வழியில் போன மீன்களிடமெல்லாம் சொன்னது.

பஞ்சு சிரித்த சிரிப்பில் அதன் அத்தனை துளைகளும் தண்ணீரைப் பீய்ச்சின.