தேய்ந்த கப்பி

லிஃப்ட் மேஸ்திரி ஐந்து மாடி படியேறி வந்தார். அந்தக் கட்டடத்து லிஃப்ட் ரிப்பேர். முதல் கோபம் அதில்.

அவர் வாங்கிய மூச்சில், வராந்தாவில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு சட்டைகள் எதிர்வீட்டுக்குக் குடிபோய்விட்டதாகக் கேள்வி.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே அவருடைய ஜோடிக்காரன், கம்பெனியில் எல்லோரும் 'ஸ்பேனர்' என்று கூப்பிடுகிற ஆள், நகராத சைக்கிள் ஒன்றில் உட்கார்ந்து வியர்க்க வியர்க்க மிதித்துக்கொண்டிருந்தான்.

"அடடா! வேலைக்கு வர மட்டும் முட்டி மடங்காது. சவாரிக்கு நல்லா மடங்குதோ?"

ஸ்பேனர் பதறிப்போய் இறங்கினான். "வாங்கண்ணே. இது டாக்டர் சொன்ன பயிற்சி..."

"பேசாதே!"

அந்தச் சத்தத்தில் சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு, அப்புறம் பயந்து பயந்து ஓடியது.

லிஃப்ட் வேலை ஜோடி வேலை. மேலே மோட்டார் அறையில் ஒருவர், கீழே குழியில் ஒருவர். தற்காலிகமாக வருகிற ஆட்கள் குழியை எட்டிப் பார்த்ததுமே கும்பிடு போட்டுவிடுகிறார்கள். குழியில் இறங்குகிற ஸ்பேனர் முட்டி ஆபரேஷனுக்கு லீவு போட்டதிலிருந்து, எட்டு மாதமாக, ஐம்பத்தாறு வயதில், மேஸ்திரியே இறங்கி ஏறுகிறார்.

சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை உருவினார். "உன்னை வச்சுக்கலாமா, அனுப்பிடலாமான்னு மேனேஜர் எழுதித் தரச் சொன்னார். அனுப்பிடலாம்னு எழுதிட்டேன். கையெழுத்துதான் பாக்கி."

ஸ்பேனரின் மனைவி தண்ணீரோடு வந்தாள். "உட்காருங்கண்ணே."

"உட்கார வரலேம்மா. நம்ம கேஷியரோட மச்சானுக்கும் இதே டாக்டர், இதே முட்டி ஆபரேஷன். ஆறே மாசத்துல பந்து உதைக்கிறான்! உன் வீட்டுக்காரன் என்னடான்னா, படி இறங்க இன்னும் கைப்பிடியைத் தேடுறானாம்!"

"அவருக்கு அது முதல் ஆபரேஷன்ணே," என்றான் ஸ்பேனர். "எனக்கு ரெண்டாவது. முதல்ல வச்ச ஜவ்வு மறுபடி அறுந்துபோச்சு. இப்போ வச்சது கெட்டியாத்தான் இருக்கு. ஆனா உள்ளே மெத்தை மாதிரி இருக்கிறது கிழிஞ்சு, எலும்பு மேல இருக்கிற வழுவழுப்பும் தேய்ஞ்சுபோச்சாம். அதான் தேற நாளாகும்ங்கறார். பழையபடி ஆகுமான்னு அவராலயே சொல்ல முடியல. நம்ம பாஷையில சொன்னா, கயிறு புதுசு. கப்பி தேய்ஞ்சுபோச்சு."

மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார். முப்பது வருஷமாகக் கப்பியோடு குடும்பம் நடத்துகிறவர். புரிந்தது. புரிந்ததும் கோபம் இன்னும் ஒரு மாடி ஏறியது.

"கப்பி தானாத் தேயுமாடா? கயிறு பிஞ்சா லிஃப்டை உடனே நிறுத்தணும்னு லிஃப்ட்காரன் உனக்குத் தெரியாதா? ஜவ்வு அறுந்ததும் டாக்டர் உடனே வந்து படுக்கச் சொன்னாராம். நீ நாற்பது நாள் அந்தக் காலோட குழிக்குள்ள குதிச்சிருக்கே! ஆபீஸே சொல்லுது!"

ஸ்பேனர் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. அப்போ நான் லீவு. மேஸ்திரி இல்லாத நேரத்துல நல்ல பேர் வாங்கி, அவன் நாற்காலியில ஏறி உட்கார்ந்துடலாம்னு திட்டம்! பேராசை பிடிச்சவனே, உன் முட்டியை நீயே அரைச்சுக்கிட்டு, இப்போ என் முட்டியையும் சேர்த்து அரைக்கிறியா?"

பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம்ணே," என்றாள் மனைவி.

"நீ உள்ளே போ," என்றான் ஸ்பேனர் அவசரமாக.

"போக மாட்டேன். எட்டு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தது போதும்." அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். "ஜோடியில ரெண்டு பேரும் ஒரே சமயத்துல லீவு போடக் கூடாதுங்கிறது உங்க கம்பெனி சட்டம். போட்டா, முன்னாடி போனவரைத் திரும்பக் கூப்பிட்டுடுவாங்க. இவர் அன்னைக்கே ஆஸ்பத்திரியில படுத்திருந்தா, உங்கம்மா கடைசி மூச்சு விடுறப்போ நீங்க அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்க மாட்டீங்கண்ணே. ஏதாவது ஒரு குழிக்குள்ள நின்னிருப்பீங்க."