சிவப்புக் கையுறை

"ஆடு படகுல ஏறிச்சு. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, மெல்கெர் சிவப்புக் கையுறையைப் பக்கத்திலிருந்த துவாவின் மடியில் போட்டான்.

உல்ரிகா டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் ஒற்றை வரிதான்.

துவாவின் மடியிலிருந்து கையுறையை எடுத்து மறுபடி அவன் கையில் திணித்தாள்.

"என்னடா இது? யாரோட படகு, ஏன் ஏறிச்சு? ஒழுங்கா சொல்லு."

"தெரியல டீச்சர்."

"தெரியலைன்னா யோசி."

அவன் யோசிக்கிற மாதிரி தெரியவில்லை. அவள் திட்டித் தீர்ப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

ஸ்வீடனின் வடக்கே ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு அது. தினமும் சாப்பாட்டுக்கு முன்னால், ஒரு படகோட்டியின் ஆட்டைப் பற்றிய கதைப் புத்தகத்திலிருந்து ஓர் அத்தியாயம் வாசிப்பாள் உல்ரிகா. ஆடு வசமாக மாட்டிக்கொள்கிற இடமாகப் பார்த்துப் புத்தகத்தை மூடிவிடுவாள். அப்புறம், வட்டமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் கையுறை சுற்றி வரும். அது யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் மேற்கொண்டு கதை சொல்ல வேண்டும். கடைசிக்கு முந்தின ஆள் மெல்கெர். அவனுக்கும் அடுத்து, கடைசி ஆளாகத் துவா.

ஹெட்டாவிடம் போனால் ஆட்டைக் கொள்ளைக்காரர்கள் பிடிப்பார்கள், அது தப்பிக்கும், மறுபடியும் பிடிப்பார்கள். மெல்கெரிடம் போனாலோ கதைக்குச் சங்குதான்.

"அவனோட மாரடிக்க முடியல பெரித்" என்று ஆசிரியர்கள் அறையில் காபிக் கோப்பையை நங்கென்று வைத்தாள் உல்ரிகா.

பக்கத்து வகுப்பு டீச்சரான பெரித் சிரித்தாள். "அவனுக்குக் கதை வராதோ என்னவோ."

"வராதா? வெளியில போய்க் கேளு, பனியில உருண்டுக்கிட்டே பூதக் கதையா அளக்கிறான். என் வகுப்புலதான் திமிர். பக்கத்துலயே துவா இருக்கா பாரு, பாவம், திக்கித் திக்கிப் பேசுற பொண்ணு. எவ்ளோ சமத்து. வாயே திறக்க மாட்டா."

உல்ரிகாவின் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 'ஒவ்வொரு குழந்தையிடமும் ஒரு கதை இருக்கிறது' என்று தன் கையாலேயே எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். அதைப் பற்றி மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்குப் போய்ப் பேசிவிட்டும் வந்திருக்கிறாள். அப்படிப்பட்டவளிடம் ஒரு பையன் தினமும் ஒற்றை வரியை வீசினால் எரிச்சல் வராதா?

மறுநாள் வியாழக்கிழமை. சாப்பாட்டுக்குப் பட்டாணி சூப்பும் பான்கேக்கும். முந்துகிறவர்களுக்குத்தான் சூடாகக் கிடைக்கும்.

கையுறை மெல்கெரை நெருங்கும்போதே டீச்சர் குறுக்கே கையை நீட்டினாள்.

"பான்கேக்குக்கு ஓடத்தானே இந்த அவசரம்?"

"இல்ல டீச்சர்."

"பொய் வேற. இன்னைக்கு உனக்குக் கையுறையே கிடையாது. அடுத்த வாரம் உங்கம்மா வராங்கல்ல, எல்லாத்தையும் சொல்றேன்."

அம்மா என்றதும் அவன் முகம் சுருங்கியது. ஆனால் கையுறை அவனைத் தாண்டித் துவாவிடம் போனதும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"சிரிப்பைப் பாரு" என்று டீச்சர் பல்லைக் கடித்தாள்.

துவா கையுறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆ... ஆட்டுக்கு..."

நிறுத்தினாள். மூச்சை இழுத்து விட்டாள்.

"ஆட்டுக்கு நீ... நீச்..."

மணி அடித்தது. பிள்ளைகள் கதவுக்குப் பாய்ந்தார்கள்.

"பரவால்ல துவா, இன்னொரு நாள் சொல்லலாம்" என்று டீச்சர் கையை நீட்டினாள்.

துவா கையுறையைக் கொடுக்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள். வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

மெல்கெர் இருந்த இடத்தை விட்டு எழவே இல்லை.

"உனக்கு என்னடா? போ, பான்கேக் தீர்ந்துடப் போகுது."

"கொஞ்சம் சும்மா இருங்க டீச்சர்" என்றான் அவன், எரிச்சலாக. "அவளுக்கு நேரம் வேணும்னுதான் தினமும் நான் ஒரு வரியில முடிக்கிறேன். நீங்க என்னைத் திட்டித் திட்டியே அந்த நேரத்தையும் தின்னுடுறீங்க."