லக்சனின் சிவப்புக் கட்டங்கள்

மானிப்பாயில் கலியாணத் தரகு அலுவலகம் நடத்தும் ஆழ்வாப்பிள்ளை, கணினித் திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். சாதகப் பொருத்த அறிக்கையில், பெண் தேடிப் பதிந்திருந்த லக்சனின் வரிசை முழுவதும் சிவப்பாக இருந்தது.

“பத்துக்கு ஆறு பொருத்தம் இருந்தால் கட்டம் பச்சை, குறைஞ்சால் சிவப்பு. அப்பிடித்தானே ஸ்கிரிப்ட் எழுதினனீ, பிள்ளை?”

“ஓம் ஐயா,” என்றாள் வினோஜா. அங்கே கணினி வேலைகள் எல்லாம் அவள் பொறுப்பு.

“இருபத்திமூண்டு பொம்பிளையளிலை ஒராளும் பொருந்தேல்லையாம். பெடியன்ரை தாய் போனிலை அழுறா. காலமை நான் பஞ்சாங்கத்தை வைச்சுக் கையாலை பாத்தன். ஏழு பேர் பொருந்தினம்! கொம்பியூட்டர் பிழை விடுதோ?”

வினோஜா தலையைக் குனிந்தாள்.

“கொம்பியூட்டரிலை பிழையில்லை ஐயா. லக்சன் எண்ட பேர் வந்தால் எல்லாத்தையும் சிவப்பாக்கச் சொல்லி, நான்தான் ஒரு வரியைக் கூடுதலா எழுதினனான்.”

“ஏன் பிள்ளை?”

“அவர்தான் கெஞ்சினவர். எங்கடை வீட்டிலை வந்து என்னைக் கேட்டுக் கதைக்கும்வரைக்கும் வேறை சம்பந்தம் சரிவரக்கூடாதாம்.”

ஆழ்வாப்பிள்ளைக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கதிரையை இழுத்து அவளருகில் அமர்ந்தார்.

“முதலிலை அந்த வரியை அழி. பிறகு உன்ரை சாதகத்தையும் ஏத்து.”

ஏழு கட்டங்கள் பச்சையாகின. புதிதாக வந்த வினோஜாவின் கட்டமும் பச்சையாகியது.

“உதுக்கும் ஏதும் வரி எழுதினனீயோ?”

“இல்லை ஐயா, அது உண்மையான பச்சை. நாங்கள் முதல்நாளே பாத்திட்டம்.”

ஆழ்வாப்பிள்ளை சிரித்துக்கொண்டே லக்சனின் தாய்க்கு அழைப்பெடுத்தார்.

“அழாதேங்கோ தங்கச்சி, பொம்பிளை சரிவந்திட்டுது. எனக்குப் பக்கத்திலைதான் இருக்கிறா.”