ஆறாவது உறுதி

ஆக்சிஜன் சிலிண்டருக்கு முனிராஜின் ஆன்லைன் கடைக்குக் கிரிப்டோ என்னும் டிஜிட்டல் நாணயத்தில் பணம் வந்திருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என, கிரிப்டோ வலையமைப்பு அந்தப் பணத்தை ஆறு முறை உறுதிசெய்தால்தான் வாங்குபவரின் முகவரி திரையில் திறக்கும். ஒருமுறை ஏமாந்தபின் அவன் வைத்த கட்டுப்பாடு அது.

“அம்மாவுக்கு மூச்சு திணறுதுண்ணா, சீக்கிரம்” என்று வாங்குபவரிடமிருந்து கடையின் செயலியில் மறுபடியும் செய்தி வந்தது.

“அட்ரஸ் கேட்டு அனுப்பிடுங்களேன்” என்றாள் மனைவி தாரணி.

“எல்லாரும் இப்படித்தான் அழுவாங்க. நாலு ஆயிடுச்சு, இன்னும் ரெண்டுதானே!”

இருபது நிமிடம் கழித்து முகவரி திறந்தது.

பாப்பம்மாள், அக்ரஹாரம், மைசூரு.

சொத்துச் சண்டைக்குப் பிறகு முனிராஜ் படியேறாத அம்மா வீடு. தம்பி மதனின் எண்ணையும் அன்றே பிளாக் செய்திருந்தான்.

வண்டிச் சாவியைத் தேடும்போது அடுத்த செய்தி வந்தது.

“நான் மதன்னு சொன்னா தரமாட்டீங்கன்னுதான் பேர் சொல்லாம வாங்கினேன். அம்மா போயிட்டாங்க. இனி வேணாம்ண்ணா.”