மைனஸ் நான்கு மாதம்

எங்கள் ஊரில் யாருடைய கைதுப் பதிவையும் யாரும் பார்க்கலாம். ரேஷன் கடை வாசலில் இருக்கும் திரையில் பெயரைத் தட்டினால் போதும். அரசு ஆஸ்பத்திரி வேலைக்கு உத்தரவு வரவேண்டிய வாரம் என் பெயரைத் தட்டினேன்.

'த. முத்தரசி. கைது: ஒன்று. சாலை மறியல். அப்போது வயது: மைனஸ் நான்கு மாதம்.'

ஒரு கைது இருந்தாலும் வேலை கிடையாது. அம்மாவை இழுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸுக்கு ஓடினேன்.

"பொறக்காதவளை எப்படி சார் பிடிச்சீங்க?"

ஆபரேட்டர் நிமிரவே இல்லை. "உங்கம்மா தண்ணிக்காகக் குடத்தோட மறியல் பண்ணியிருக்காங்க. அப்ப மாசமா இருந்திருக்காங்க. சிஸ்டம் ரெண்டு பேருன்னு எடுத்துக்கிச்சு."

"அதை நீக்குங்க."

"சம்பவத்துல நீங்க இல்லைன்னு அம்மா கைரேகை வைக்கட்டும். நீக்கிரலாம்."

அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எப்படிட்டி இல்லைங்கது? எங்களை எல்லாம் கல்யாண மண்டபத்துல அடைச்சு வச்சு சாம்பார் சாதம் போட்டாவ. அதைத் தின்னதும்தான் நீ மொதமொத உதைச்ச."

"அம்மா, என் வேலை போயிரும்."

"வேலைக்காக வயித்துல இருந்தவள இல்லைன்னுருவனா?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் புரியவில்லை. அவள் கட்டைவிரலைப் பிடித்துக் கைரேகைக் கண்ணாடிவரை கொண்டுபோய்விட்டேன். அழுத்துவதா, விடுவதா என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.